கன்னியாவின் ஏழு கிணறுகள்



ஒரு நீரூற்றை நோக்கி நடந்த நடைகளுள் உலகில் அதிகம் நினைவுகூரப்படுவது எது என்று கேட்டால், நம்மில் சிறு பிள்ளையும் ஸபா, மர்வா என்று விடை கூறிவிடும். அந்த இரு குன்றுகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 400 மீற்றர். ஏழு தடவை சென்றாலும் மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவே. இன்று பளிங்குத் தரையில், குளிரூட்டிய மண்டபத்தில் நடப்பவருக்கு அது இலேசான நடை. பாலைவனத்தில், தோற்பையில் இருந்த தண்ணீர் தீர்ந்து, கைக்குழந்தை தாகத்தால் துடிக்க ஓடிய அன்னை ஹாஜருக்கு அது இலேசாக இருக்கவில்லை. தூரத்தின் அளவு ஒன்றே. நடந்தவரின் நிலைதான் வேறு.

இவ்விதழில் நாம் பேச எடுத்துக்கொண்டது மக்கமாநகரத்து ஊற்றை அன்று. நமது திருகோணமலை மாவட்டத்திலேயே, தம்பலகாமத்தில் காலை உணவை முடித்துக்கொண்டு புறப்படுபவர் பகற்சோற்றுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் உள்ள கன்னியா வெந்நீரூற்றுக்களைப் பற்றியே. அங்கு சென்று குளித்துவிட்டு வந்தவர் நம்மிடையே ஏராளம். அதன் வரலாற்றைக் கேட்டால் ‘இராவணன் குத்தினான்’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றோம். அதற்கு அப்பால் அறிந்துகொள்ள வேண்டியவை பல உண்டு. அவற்றுட் சில நம்மோடும் தொடர்புடையவை.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுவோம். கிண்ணியா வேறு, கன்னியா வேறு. கிண்ணியா என்பது தம்பலகாமக் குடாவின் கரையை ஒட்டிய நம்மவர் வாழும் பெரிய ஊர். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலைக்குத் தோணித்துறை கடந்து சென்று வந்த ஊர் அது. கன்னியாவோ திருகோணமலைப் பட்டினத்தில் இருந்து வடமேற்கே சுமார் எட்டுக் கிலோமீற்றர் தூரத்தில், அநுராதபுரம் செல்லும் வீதியை அண்டி இருக்கும் காட்டுப்புறமான இடம். வெளிமாவட்டத்தில் இருந்து வரும் உறவினர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான பஸ்ஸில் ஏறிவிடுவது இன்றும் நடப்பதுதான்.

தம்பலகாமத்தவருக்கு நீர் என்றால் குளத்து நீர். கந்தளாய்க் குளத்தின் வாய்க்கால்களே இவ்வூர் வயல்வெளியை வாழவைப்பவை. அக்குளத்தை ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் என்பது ஒரு கூற்று. குளக்கோட்டு மன்னன் கட்டினான் என்பது தமிழ் மக்களின் மரபு. அதே குளத்தின் கட்டு 1986 ஏப்ரலில் உடைந்தபோது அந்த நீர் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பதையும் இவ்வூர்ப் பெரியவர்கள் அறிவார்கள். மற்றொரு பக்கம் தம்பலகாமக் குடாவின் உவர்நீர். கண்ணாடி போன்ற தட்டையான ஓடுடைய சிப்பியும் அதன் சிறு முத்தும் ஒரு காலத்தில் இக்குடாவுக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தன. ஆக, மழை கொண்டுவரும் குளத்து நீரும் கடல் கொண்டுவரும் குடா நீருமே இங்கு பழக்கம். பூமியின் வயிற்றில் இருந்து சூடாகவே புறப்பட்டு வரும் நீர் வேறொரு வகை. அதனைக் காணவே கன்னியாவுக்குப் போக வேண்டியுள்ளது.

நமது பிரதேசம் பாலைவனம் அன்று. ஆனால் வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கம் வந்து பாருங்கள். புல் கருகி, குளங்களின் அடிச்சேறு வெடித்து, பற்றைக்காடு முழுவதும் சாம்பல் நிறமாகிக் கிடக்கும். ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை வரும் வரை வானம் இரங்குவதில்லை. அப்படியான வறண்ட நிலத்தில், ஆற்றுப் பக்கமும் அல்லாத ஓரிடத்தில், கோடையிலும் நில்லாமல் நீர் சுரந்துகொண்டிருப்பதைக் கண்ட முற்கால மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப்பாருங்கள். அதிலும் அந்த நீர் சூடாக இருந்தால்? அவ்விடத்தைப் பற்றி ஒரு கதையேனும் பிறக்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

பிரதான வீதியில் இருந்து பிரிந்து செல்லும் வழி குறுகியது. மேடு பள்ளம் அதிகம் இல்லை. முதியவர்களும் பிள்ளைகளும் நடக்கலாம். உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலேயே செல்வது நலம். வெந்நீர்க் குளிப்பு காலைக் குளிரில்தான் இதமாகவும் இருக்கும். மதிலால் சூழப்பட்ட ஒரு வளவினுள் ஏழு சிறு கிணறுகள் சதுரமாகக் கட்டப்பட்டு அருகருகே அமைந்துள்ளன. கிணறு என்றவுடன் துலாவும் கப்பியும் வைத்து இறைக்கும் ஆழக் கிணறுகளை நினைத்துவிட வேண்டாம். மூன்று, நான்கு அடி ஆழமே இருக்கும். அடித்தரை தெளிவாகத் தெரியும். குமிழி குமிழியாக நீர் கிளம்புவதையும் காணலாம். உள்ளே இறங்குவது இல்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வதே வழக்கம்.

ஏழு கிணறுகளுக்கும் ஏழு வகைச் சூடு என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. இது கதை அன்று, உண்மையே. ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சில அடிகள்தாம். ஆயினும் நீரின் வெப்பம் மாறுபடுகின்றது. நமது உடலின் சூட்டை ஒத்ததாக ஒன்று, அதனைச் சில பாகை தாண்டியதாக மற்றொன்று என்று இருக்கும். கொதிக்கும் நீர் என்று பயமுறுத்துவோரின் பேச்சை நம்ப வேண்டியதில்லை. அரிசி வேகும் என்பதும் முட்டை அவியும் என்பதும் வீண் கதைகள்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகின்றது? வெந்நீரூற்று என்றால் அருகே எரிமலை இருக்க வேண்டும் என்று பாடசாலையில் படித்த நினைவு பலருக்கு இருக்கும். இலங்கையில் எரிமலை இல்லை. இத்தீவின் அடியிலுள்ளவை மிகத் தொன்மையான உருமாறிய பாறைகள். அப்பாறைகளில் ஆழமான வெடிப்புக்கள் உள்ளன. மழை நீர் அவ்வெடிப்புக்களின் வழியே கீழே கீழே இறங்குகின்றது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் வெப்பம் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் அளவு கூடிக்கொண்டு போகும். ஆழத்தில் சூடேறிய நீர் இலேசாகி, அமுக்கத்தாலும் உந்தப்பட்டு, வேறொரு வெடிப்பின் வழியாக விரைந்து மேலே வருகின்றது. மேற்பரப்பை அண்டும்போது சாதாரண நிலத்தடி நீரும் அதனோடு கலக்கின்றது. அந்தக் கலப்பு ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருப்பதனாலேயே பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளுக்கும் சூட்டில் வேறுபாடு உண்டாகின்றது. கன்னியா தனித்த அதிசயமும் அன்று. மகா ஓயா, வஹவ, கபுரெல்ல, ரன்கிரி உல்பொத்த, தெற்கே மதுனாகல என்று பல வெந்நீரூற்றுக்கள் நாட்டின் கிழக்குப் பக்கமாகத் தெற்கு வடக்காக ஒரு வரிசைபோல் அமைந்துள்ளன. இரு பெரும் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இவை பெரும்பாலும் காணப்படுவதாக நிலவியலார் கூறுகின்றனர். அவற்றுள் மகா ஓயா சூடு கூடியது. கன்னியா மிதமானது. மிதமாக இருப்பதனாலேயே மனிதர் குளிக்கவும் முடிகின்றது.

மனிதர் மட்டுமா குளித்தனர்? இங்கே ஒரு சுவையான செய்தியைக் கூறியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரெய்னோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கன்னியா ஊற்றில் இருந்து ஓடும் நீரில் சிறு மீன்கள் நீந்துவதைக் கண்டு, பிடித்துப் பாரிசுக்கு அனுப்பி வைத்தார். அப்போது நீரின் வெப்பத்தை அளந்தபோது 115 பாகை பரன்ஹைட் இருந்ததாகச் சொல்லப்படுகின்றது. அதாவது 46 பாகை செல்சியஸ். பாரிசில் உயிரினங்களை வகைப்படுத்துவதில் அக்காலத்தில் ஈடிணையற்றவராக விளங்கிய குவியே, அம்மீன்களுக்கு ‘வெந்நீருக்கு உரியது’ என்று பொருள்படப் பெயர் சூட்டினார். அவருக்குப் பின் அவருடைய மாணவர் வலான்சியென், 1842இல் கன்னியாவில் கிடைத்த மற்றொரு சிறு மீனுக்குத் ‘தெர்மோயிக்கோஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் சூட்டினுள் வாழ்வது என்பது கருத்து. நீண்ட மீசை கொண்ட அந்தச் சிறு மீன் இலங்கையின் குளங்களிலும் ஓடைகளிலும் வாழ்வதுதான். குளிர்ந்த நீரிலும் அது நன்றாகவே வாழ்கின்றது. ஆனால் உலகத்து விலங்கியல் நூல்களில் இன்று வரை அதன் பெயர் ‘எஸோமஸ் தெர்மோயிக்கோஸ்’ என்றே இருந்து வருகின்றது. நமது மாவட்டத்து வெந்நீரின் சூடு, ஒரு விரல் நீள மீனின் பெயரில் ஏறி, நாம் அறியாமலேயே உலகம் சுற்றிக்கொண்டிருக்கின்றது. நமது பாடசாலைகளில் இதனை ஒருவரும் சொல்லித் தருவதில்லை என்பது வருந்தத்தக்கது.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது பெருநூலில் இந்த மீன்களைப் பற்றியும் ஊற்றைப் பற்றியும் எழுதினார். பருவத்துக்கு ஏற்ப நீரின் வெப்பம் 85 முதல் 115 பாகை பரன்ஹைட் வரை மாறுவதாக அவர் குறித்துள்ளார். அவருக்கும் முன்னர், 1816இல் இத்தீவுக்கு வந்த மருத்துவர் ஜோன் டேவியும் 1821இல் வெளியான தமது நூலில் இவ்வூற்றுக்களுக்கு இடம் கொடுத்தார். சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஹம்ப்ரி டேவியின் தம்பிதான் இவர். ஆட்சி செய்ய வந்தவர்கள் வெப்பமானியோடும் குறிப்பேட்டோடும் இங்கு வந்து போயினர். அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் வாளியோடு வந்துகொண்டிருந்தனர்.

இனி மக்கள் சொல்லும் கதைகளுக்கு வருவோம். இராவணன் தன் தாயின் வழிபாட்டுக்காகத் திருக்கோணமலைப் பாறையைப் பெயர்க்க முயன்றான் என்றும், அதற்கிடையில் தாய் இறந்துவிட்ட செய்தி வர, அவளுக்கான இறுதிக் கடன்களைச் செய்ய நீர் தேடிக் கன்னியாவில் ஏழிடத்தில் வாளை ஊன்றினான் என்றும், ஊன்றிய ஒவ்வோர் இடத்திலும் நீர் கிளம்பிற்று என்றும் கூறுவர். அந்தணர் வடிவில் வந்த விஷ்ணுவே கைத்தடியால் ஊன்றினார் என்பது அக்கதையின் மற்றொரு வடிவம். எதுவாயினும், இறந்தோருக்கான கிரியைகளை இவ்விடத்தில் வந்து செய்வது இந்துச் சகோதரர்களிடையே தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் வழக்கம். தாயைப் பறிகொடுத்த ஒருவர் அங்கு கண்ணீரோடு நிற்கும் வேளையில், பக்கத்தில் நின்று உல்லாசமாகக் கூச்சலிட்டுக் குளிப்பது எந்த வகையிலும் அழகன்று. நம் இளைஞர்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு பெற்றோருக்கு உண்டு.

நம்மவருக்கும் அங்கே ஒரு கதை உண்டு. ஊற்றை அண்டிய மேட்டில் மிக நீண்ட கபுறு ஒன்று இருந்து வருகின்றது. நாற்பது முழ அவ்லியாவின் ஸியாரம் என்று நமது மூதாதையர் அதனைச் சொல்லி வந்தனர். நாற்பது முழ மனிதர் எங்ஙனம் இருந்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதில் பிழையில்லை. ஆனால் இப்படியான நீண்ட கபுறு கன்னியாவில் மட்டும் உள்ளதன்று. தலைமன்னாரில் இருப்பதை ஆதம் ஹவ்வாவோடு தொடர்புபடுத்துவர். கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் ஹாபீல், காபீல் இருவரின் கபுறுகள் என்று நீளமான இரண்டைக் காட்டுவர். ஆதம் (அலை) அவர்கள் அறுபது முழ உயரத்தில் படைக்கப்பட்டதாக ஹதீஸில் வந்துள்ளது. பாவா ஆதம் மலை இந்தத் தீவில்தான் என்ற நம்பிக்கை பல நூற்றாண்டுகளாக அரபு நாட்டுப் பயணிகளை இங்கு இழுத்து வந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பழங்காலத்துப் பெரியவர் ஒருவரை நெடிதாகவே நினைக்கும் வழக்கம் இக்கடலின் இரு கரைகளிலும் எப்படிப் பரவியிருக்கும் என்பது ஓரளவு விளங்கும்.

அக்கபுறின் கீழ் யார் இருக்கின்றார் என்பதைக் காட்டும் எழுத்துச் சான்றை நான் கண்டதில்லை. ஸியாரத்துக்குச் செல்வதைப் பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாடுகளையும் நான் அறிவேன். அவற்றை இங்கு கிளறப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். அங்கு துஆக் கேட்க மனமில்லாதவரும், நம் முன்னோர் இவ்வூற்றுக்கு வந்து போயினர், இதனைத் தமக்கும் உரிய இடமாக எண்ணினர் என்பதற்கு அது ஓர் அடையாளம் என்பதை மறுக்க இயலாது. அதனை இடித்துத் தள்ளுவதனால் அந்த வரலாறுதான் அழியும். யாருடைய ஈமானும் கூடிவிடாது.

பாவா ஆதம் மலையைப் பற்றிச் சொன்னதும் இப்னு பதூதா நினைவுக்கு வருகின்றார். 1344இல் இத்தீவில் இறங்கிய அவர், புத்தளம் பகுதியில் இருந்து புறப்பட்டு அம்மலைக்கு ஏறினார். அவர் திருகோணமலைப் பக்கம் வந்தவர் அல்லர். ஆயினும் மலைப்பாதையில் கிள்று (அலை) அவர்களின் பெயரால் வழங்கிய ஒரு குகையையும், அதனருகே மீன்கள் நிறைந்த ஓர் ஊற்றையும், அம்மீன்களை எவரும் பிடிப்பதில்லை என்பதையும் தமது பயண நூலில் குறித்துச் சென்றார். பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பாதையில் ஏறிய மலை அது. ஒரே அடிச்சுவட்டுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்லிக்கொண்டு ஏறினர். இறங்கி வரும்போது எல்லோருக்கும் ஒரே தாகம்.

ஊன்றிய இடத்தில் நீர் கிளம்பிய கதையைக் கேட்கும்போது, குர்ஆனை ஓதுபவரின் உள்ளத்தில் வேறு நிகழ்ச்சிகளும் வந்து நிற்கும். மூஸா (அலை) தமது தடியினால் பாறையில் அடித்தபோது பன்னிரண்டு ஊற்றுக்கள் பீறிட்டன. ஒவ்வொரு கூட்டத்தாரும் தாம் நீர் அருந்தும் துறையை அறிந்துகொண்டனர் என்று பகரா அத்தியாயம் கூறுகின்றது. ஐயூப் (அலை) நோயுற்றிருந்தபோது காலால் நிலத்தில் தட்டுமாறு பணிக்கப்பட்டார். குளிப்பதற்கும் குடிப்பதற்குமான குளிர்ந்த நீர் அவருக்கு அருளப்பட்டது என்பது ஸாத் அத்தியாயத்தில் உள்ளது. இராவணன் கதையும் இவையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. வறண்ட பூமியில் வாழ்ந்த மக்கள் அனைவரும் நீரைத் தாம் தோண்டி எடுத்த பொருளாக அல்லாமல் தமக்குக் கொடுக்கப்பட்ட பொருளாகவே கண்டனர் என்பதைத்தான் சொல்கின்றேன். பன்னிரண்டு கூட்டத்தாருக்குப் பன்னிரண்டு துறை என்பதை மறுபடியும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். ஒரே பாறை, ஒரே அடி, எல்லோருக்கும் இடம்.

ஆனால் நீர் கிடைத்தவுடன் அது யாருடையது என்ற கேள்வியும் கூடவே கிளம்பிவிடுகின்றது. ஸம்ஸம் கிணற்றுக்கே அந்தச் சோதனை வந்தது. மக்காவை விட்டு வெளியேறிய ஜுர்ஹும் கூட்டத்தார் தமக்கு இல்லாதது பிறருக்கும் இருக்கலாகாது என்று அக்கிணற்றைத் தூர்த்து மறைத்துவிட்டுச் சென்றதாக வரலாறு. அது இருந்த இடமே மறந்துபோயிற்று. பல தலைமுறைகளுக்குப் பின் நபி (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிப் கனவில் கண்டு அவ்விடத்தைத் தோண்டினார். நீர் தெரிந்ததும் குறைஷிகள் ஓடிவந்து, இது எங்கள் தந்தை இஸ்மாயீலின் கிணறு, எங்களுக்கும் பங்கு உண்டு என்று வழக்குப் பேசினர். தீர்ப்புக் கேட்க ஷாம் நாட்டுப் பக்கமுள்ள ஒரு குறிகாரியிடம் போவதென முடிவாயிற்று. வழியில் பாலைவனத்தில் அப்துல் முத்தலிபின் தரப்பினருக்குத் தண்ணீர் தீர்ந்துபோனது. கூட வந்த எதிர்த்தரப்பினரோ தம்மிடமிருந்த தண்ணீரைப் பகிர்ந்துகொள்ள மறுத்தனர். எங்களுக்கும் தீர்ந்துவிடுமே என்று அஞ்சினர். சாவை எதிர்பார்த்துக் குழி தோண்டி வைத்துக்கொண்டு காத்திருந்தனர் என்றும், பின்னர் ‘இருந்து சாவதைவிட நடந்து பார்ப்போம்’ என்று எழுந்தனர் என்றும் இப்னு இஸ்ஹாக் எழுதுகின்றார். அப்துல் முத்தலிபின் ஒட்டகம் எழுந்து அடிவைத்த இடத்தில் நீர் பீறிட்டது. அவர் செய்த முதற்காரியம் என்ன? தண்ணீர் தர மறுத்தவர்களையே கூப்பிட்டு, வாருங்கள், குடியுங்கள், உங்கள் ஒட்டகங்களுக்கும் காட்டுங்கள் என்றார். அவர்கள் அந்த இடத்திலேயே வழக்கைக் கைவிட்டனர். பாலையில் உமக்கு நீர் தந்தவனே ஸம்ஸமையும் தந்துள்ளான் என்று கூறித் திரும்பினர்.

அவருக்குக் கிடைத்த உரிமை என்ன என்பதையும் கவனியுங்கள். ‘சிகாயா’ என்பது அதன் பெயர். ஹஜ்ஜுக்கு வருவோருக்கு நீர் புகட்டும் பணி அது. கிணற்றைப் பூட்டி வைக்கும் அதிகாரமாக அது இருக்கவில்லை.

மதீனாவில் ரூமா கிணற்றின் கதையும் இத்தகையதே. ஹிஜ்ரத் செய்து வந்த ஏழை முஹாஜிர்களுக்கு அங்கு நல்ல குடிநீர் அரிதாக இருந்தது. ரூமா கிணற்றின் சொந்தக்காரரோ நீரை விலைக்கு விற்றார். உதுமான் (றழி) முதலில் கிணற்றின் பாதியை வாங்கினார். ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் பழைய சொந்தக்காரருக்கு என்று முறை வைத்தனர். உதுமானின் நாளில் மக்கள் இலவசமாக இரண்டு நாட்களுக்கும் சேர்த்து அள்ளிக்கொண்டனர். மற்ற நாளில் வாங்க ஆளில்லை. மீதிப் பாதியையும் அவர் விற்க நேர்ந்தது. இந்த வியாபாரத் தந்திரத்தை நமது கடைக்காரர்கள் நன்றாகவே இரசிப்பார்கள் என்று நினைக்கின்றேன். வாங்கி முடிந்ததும் உதுமான் (றழி) அதனை வக்பு செய்துவிட்டார். பணக்காரன், ஏழை, வழிப்போக்கன் என்ற பேதமின்றி அனைவருக்கும் திறந்துவிட்டார். அப்பாஸிய கலீபா ஹாரூன் அர்-ரஷீதின் மனைவி ஸுபைதா, ஹாஜிகளின் தாகத்தைக் கண்டு, மலைகளைக் குடைந்து அரபா வழியாக மக்காவுக்கு வாய்க்கால் கொண்டுவந்தார். அவர் 831இல் காலமானார். ‘ஐன் ஸுபைதா’ என்ற அந்த வாய்க்கால் பல முறை திருத்தப்பட்டு, ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதரின் தாகம் தீர்த்தது.

இனி நம் கன்னியாவுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். நெடுங்காலமாக அது ஊராரின் பொது இடமாக இருந்தது. பட்டினமும் சூழலும் பிரதேச சபை அதனைப் பராமரித்து, அனுமதிச்சீட்டு விற்று நிருவகித்து வந்தது. யுத்தம் 2009 மேயில் முடிந்து பாதைகள் திறந்தபின் நாட்டின் எல்லாத் திசைகளில் இருந்தும் மக்கள் வரத் தொடங்கினர். 2011இல் அவ்விடம் தொல்பொருட் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுத் தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது. அநுராதபுரக் காலத்துப் பௌத்த மடத்தின் எச்சங்கள் உள்ள இடம் என்று அறிவிப்புப் பலகைகள் கூறலாயின. அங்கே இருந்த பிள்ளையார் கோவிலின் அத்திவாரம் பற்றியும், அதே இடத்தில் விகாரை கட்டும் முயற்சி பற்றியும் தகராறு மூண்டது. 2019 ஜூலை 16ஆம் திகதி தமிழ் மக்கள் அங்கு பெருந்திரளாகக் கூடித் தம் எதிர்ப்பைக் காட்டினர். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது.

இவ்விடயத்தில் நாம் எங்கே நிற்கின்றோம்? இது மற்ற இரு சமூகத்தாரின் சண்டை என்று ஒதுங்கி நிற்பதே பலருக்கு வசதியாகத் தோன்றுகின்றது. அது சரியென்று எனக்குப் படவில்லை. அந்த மேட்டில் நீண்ட கபுறு ஒன்று இருக்கும் வரை நாமும் இந்த வழக்கின் ஒரு பக்கத்தில் நிற்பவர்களே. ஒரு பழைய இடத்தில் பல அடுக்குகள் இருக்கலாம். பௌத்த மடம் இருந்திருக்கலாம். அதன் கல்லும் செங்கல்லும் பேணப்பட வேண்டியவையே. அதற்காகத் தாய்க்குக் கடன் செய்ய வரும் மகனின் வழி அடைபட வேண்டிய தேவை இல்லை. தொல்பொருள் ஆய்வு என்பது முன்பு இருந்தவர்களைத் தேடும் கலை. இப்போது இருப்பவர்களை வெளியேற்றும் கருவியாக அதனை மாற்றுவது அக்கலைக்கே இழுக்கு. இதனைச் சொல்வதற்கு ஒருவர் இந்துவாகவோ பௌத்தராகவோ இருக்க வேண்டியதில்லை. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர் சொல்லலாம்.

இவ்வளவையும் வாசித்தபின் அங்கே போக விரும்புவோருக்குச் சில குறிப்புக்கள். வாளி ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். சவர்க்காரம் வேண்டாம். ஆழமில்லாத ஊற்று, நுரை அதற்கு ஆகாது. பெண்கள் உடன் வருவதாயின் விடுமுறை நாட்களைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த வார நாளின் காலை வேளையைத் தெரிவு செய்யுங்கள். உடை மாற்ற ஒரு துணித்திரையும் கையில் இருப்பது நல்லது. கிரியை செய்பவர்கள் இருந்தால் அவர்கள் முடிக்கும் வரை ஓரமாக நில்லுங்கள். சூடான நீரைத் தலையில் ஊற்றுமுன் காலில் ஊற்றிப் பழக்கிக்கொள்ளுங்கள். முதியவர்களுக்கும் இருதய நோயாளருக்கும் குறைந்த சூடுள்ள கிணறே போதும். வெந்நீர்க் குளிப்பால் வாதமும் தோல் நோயும் தீரும் என்று சொல்வோர் உண்டு. உடல் இதமாவது உண்மை. மருந்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம். குளித்து முடித்தபின், இயலுமானால், மேட்டுக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏழு கிணறுகளில் எது அதிகச் சூடு என்று திரும்பி வந்ததும் வீட்டில் இருக்கும் வாப்பாவும் உம்மாவும் கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டே சொல்லுங்கள்.